ராசம்மாளின் கரி வட்டங்கள்

கிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் காலனியில் ராசம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. பிடித்தவர்கள்தான் கொஞ்சம் கம்மி. வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில், மழை இறங்குவதற்கு முன்னால், எட்டடிச் சவுக்குக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்? கழியின் நுனியில் பழைய உலக்கைப் பூண் ஒன்றைச் செருகி ஆணி அடித்து வைத்திருந்தாள். வாசலில் நின்று, "யக்கா, ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடறேன்" என்பாள். சரி என்று சொல்வதற்குள் கழி உள்ளே போயிருக்கும்.

தட்டுவது தலைக்கு மேலே இருக்கும் காங்கிரீட்டை. அங்கே மொத்தம் முப்பத்திரண்டு தொகுப்பு வீடுகள், எண்பத்தொன்பதில் அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை. கட்டிய கான்ட்ராக்டரின் பேர் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. மணல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தால் கடல் கரிக்கும். அந்த உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும், துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கிய கம்பி கீழே இருக்கும் சிமெண்டைத் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டினால்தான் தெரியும். கெட்டியான இடம் 'டங்' என்று திருப்பி அடிக்கும். பூச்சு விட்டுப்போன இடம் 'பொத்' என்று கேட்கும்.

'பொத்' என்று கேட்ட இடத்தைச் சுற்றி, கழி நுனியில் அடுப்புக்கரியைக் கட்டி ஒரு வட்டம் போடுவாள். அடுத்த வருஷம் வட்டத்துக்கு வெளியேயும் அந்தச் சத்தம் வந்தால் பெரிதாக இன்னொரு வட்டம். வட்டத்துக்குக் கீழே பாய் போடக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது, உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. முற்றிப்போனது என்று தெரிந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளே இடித்துத் தள்ளுவாள். அவள் சொல்வது ஒன்றுதான்: "நாம தட்டி விழவச்சா தரையில விழும். தானா விழுந்தா தலையில விழும்."

இதை அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. 2005 மழையில், அவள் புருஷன் பக்கிரி மத்தியானம் சோற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, முறம் அகலத்துக்கு ஒரு பாளம் வந்து வலது தோளில் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கை தலைக்கு மேல் போகவில்லை, வலை வீச முடியவில்லை. மூன்று வருஷம் வாசலில் உட்கார்ந்து எறாவலை முடிந்துகொண்டே இருந்தவர் ஒரு நாள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். பாளம் விழுவதற்கு முன்னால் இரண்டு நாள் அவர் தட்டில் வெள்ளையாக மாவு போல விழுந்துகொண்டிருந்தது. பல்லி என்று நினைத்துத் துடைத்துவிட்டுச் சோறு போட்டவள் ராசம்மாள். அந்த மாவைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மொட்டைமாடி ஓரத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவாள், தண்ணீர் போகும் குழாயில் வேப்பஞ்சருகை நோண்டி எடுப்பாள், கரண்ட் ஒயர் சுவரில் நுழையும் இடத்தில் கசிகிறதா என்று முகர்ந்தே பார்ப்பாள். அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. தட்டுவதைத்தான் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்வாள்: "நீ தட்டலன்னா அது இன்னும் பத்து வருசம் நின்னிருக்கும்டி." தலையில் விழாமல் தடுத்த கூரைக்குச் சாட்சி யார்? பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை, வீட்டுக்கு வந்தால் இந்த வசவு. வாங்கிக்கட்டிக்கொண்டும் அடுத்த புரட்டாசியில் கழியை எடுத்தாள்.

ஊருக்கெல்லாம் இடித்துத் தள்ளியவள் தன் வீட்டில் மட்டும் ஒன்றைத் தள்ளிப்போட்டாள். கூடத்தில், ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில், 2009-இல் ஒரு வட்டம் போட்டிருந்தாள். முறத்தைவிடப் பெரிசு. இடித்தால் கம்பி தெரியும், பூசக் கொத்தனார் வேண்டும், மகன் மதியழகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "கல்யாணம் முடியட்டும்மா, வூட்டை ஓட்டையாக்கி வச்சிக்கிட்டு எவன் பொண்ணு குடுப்பான்" என்றான் அவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு ஆபீசில் இளநிலை உதவியாளர். அந்தத் தெருவில் முதல் அரசாங்க வேலை. அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. பெற்றவளுக்கு அப்படிப் படும்தான்.

2010 ஐப்பசியில் இடம் அமைந்தது. அண்ணாகிராமம் பக்கத்து ராஜவேல், ரைஸ்மில்லில் ஃபிட்டர். அவர் மகள் சுவேதா டீச்சர் டிரெயினிங் முடித்தவள். பெண் பார்த்தாயிற்று, பிடித்தாயிற்று. இனி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் போனால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் முடிந்தது, அதற்குமேல் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் மகள் காயத்ரிக்குச் சிதம்பரத்தில் பிரசவம். ராசம்மாள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேரன் பிறந்த சந்தோஷம் ஒரு பக்கம், கல்யாணப் பேச்சில் இந்த வருஷம் இன்னும் தட்டவில்லையே என்ற அரிப்பு ஒரு பக்கம். வெளியே இரண்டு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடம் முழுக்கப் புது பெயிண்ட். சுவர் இளம்பச்சை, மேலே பால் வெள்ளை. வெடிப்பு எல்லாம் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பூசியிருந்தது. நடுவில் புது ஃபேன். கரி வட்டம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்கடா வட்டம்?"

"இன்னிக்கும் அதே பேச்சா? வர்றவங்க மேல பாத்தா கரிக்கோடா இருக்குது. செய்வினை வச்ச வூடு மாதிரி. அதான் அடிச்சிட்டேன்."

"மாட்டுனியே ஃபேனு, அந்தக் கொக்கியத் தட்டிப் பாத்தியா? கழி எங்க?"

"கழியக் காணும்" என்றான் மதியழகன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. "யம்மா, இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துடுவாங்க. இப்பத் தட்டி ஏதாவது பேந்துச்சின்னா என்னா பண்றது? நாளைக்குக் காலைல நானே கழியக் குடுக்கறேன். நீ எவ்ளோ வேணா தட்டிக்கோ. ஒரு நாள்தாம்மா."

ஒரு நாள்தானே என்று அவளும் விட்டாள். அடுப்பில் உலை வேறு கொதித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டால் தீர்ந்தது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வேனில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். ராஜவேல் ஒல்லியான மனுஷர். வந்ததும் கதவின் கீலைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், தோட்டத்துப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் மனைவி தங்கம்மாள் பெயிண்டைப் பார்த்தே பாதி சமாதானமாகிவிட்டாள். ராஜவேலின் அண்ணன் சாமிக்கண்ணு, "வூடு லட்சணமா இருக்குப்பா" என்று உரக்கச் சொன்னார். மதியழகனுக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. ராஜவேல் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "சரி, கை நனைச்சிடுவோம்" என்றார்.

ராசம்மாள் சோற்றைக் குண்டானில் அள்ளிக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவதற்குள், உதவிக்கு வந்த ஆரோக்கியம்மாள் பந்திப்பாயை விரித்து ஐந்து இலையைப் போட்டுவிட்டாள். சுவரோரமாக அல்ல, நட்டநடுவில், ஃபேனுக்குக் கீழே. மழைக்கு முந்தின புழுக்கம், சம்பந்தி ஆட்களுக்குக் காற்று வேண்டாமா? ஐந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நடு இலையில் ராஜவேல். மதியழகன் போய் ஸ்விட்சைப் போட்டான்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ராசம்மாள் குண்டானை இடுப்பில் வைத்தபடி மேலே பார்த்தாள். வெள்ளை. எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை. ஒரு வருஷமாக அவளுக்குத் துணையாக இருந்த ஒரே அடையாளத்தைப் பெற்ற பிள்ளை அழித்துவிட்டிருந்தான்.

"அண்ணே, இப்பிடிச் செவுரோரமா வந்தீங்கன்னா சாஞ்சிக்க வசதியா இருக்கும்" என்றாள்.

"பரவால்ல தங்கச்சி. காத்து நல்லா வருது" என்றார் ராஜவேல்.

கேசரி வைத்தாள், வடை வைத்தாள். கை தானாக வைத்தது, கண் மேலேயே இருந்தது. ஆரோக்கியம்மாள் பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக ஒரு பக்கம் இழுத்தது, புது ஃபேன் அப்படி இழுக்கக் கூடாது. மதியழகனைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் பார்க்காத மாதிரி சாமிக்கண்ணுவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பார்த்தாள். ராஜவேலின் இலை ஓரத்தில், தண்ணீர் தெளித்த ஈரத்தில், வெள்ளையாகக் கொஞ்சம் மாவு. அவர் விரலால் தட்டிவிட்டுக் கேசரியை எடுத்தார். இன்னொரு சுற்று வந்தது. மறுபடி மாவு.

முதலில் மாவு, அப்புறம் சில்லு, அப்புறம் பாளம். இது பல்லி இல்லை, பெயிண்ட் தூளும் இல்லை. ஆனால் இலையில் கை வைத்தவர்களை எழுப்புவதா? கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எந்த வீட்டிலும் எவரும் செய்யாத காரியம். பகையாளியாக இருந்தாலும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். எழுப்பினால் மகன் கல்யாணம் போச்சு. எழுப்பாவிட்டால்? ஐந்து இலைதான், பத்து நிமிஷம் தாங்காதா? ஒரு வருஷம் நின்றது பத்து நிமிஷம் நிற்காதா? பக்கிரியின் தட்டைத் துடைத்துவிட்டுச் சோறு போட்ட அன்றைக்கும் இப்படித்தான் நினைத்திருப்பாள்.

ராஜவேலின் டம்ளரில் 'டிப்' என்று ஒன்று விழுந்தது. அரிசி அளவு சில்லு.

குண்டானைக் கீழே வைத்தாள். நேராகப் போய் ஃபேனை நிறுத்தினாள்.

"எல்லாரும் ஏந்திரிங்க."

யாருக்கும் புரியவில்லை. சாமிக்கண்ணு வடையைக் கடித்தபடி நிமிர்ந்தார்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க. எலைய அப்பிடியே வுட்டுட்டு வெளிய போயிடுங்க. மேல பூச்சு வுட்டிருக்கு."

"யம்மா!" மதியழகன் பாய்ந்து வந்தான். "என்னாம்மா பண்ற? அது பெயிண்டு தூளு மாமா, புதுசா அடிச்சது, நீங்க உக்காருங்க."

"நீ போடா அந்தாண்ட" என்றாள் ராசம்மாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஏந்திரிங்கன்னு சொல்றேன்ல."

தங்கம்மாள்தான் முதலில் எழுந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது. "எலையில ஒக்காரவச்சி எழுப்புறாங்க. இதுக்குத்தான் அவ்ளோ தூரத்துலேருந்து வந்தோமா?" ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராஜவேல் கடைசியாக எழுந்தார். ஒட்டிய கேசரியோடு வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே கழுவுவது என்று தெரியாமல் வாசலுக்குப் போனார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.

ராசம்மாள் தோட்டத்துக்கு ஓடினாள். பாத்ரூமுக்குப் பின்னால், தென்னமட்டைக்கு அடியில், கழி கிடந்தது. இழுத்துக்கொண்டு வந்து கொக்கிக்குப் பக்கத்தில் தட்டினாள். 'பொத்.' ஒரு முழம் தள்ளித் தட்டினாள். 'பொத்.' இன்னும் ஒரு முழம். முறம் அகலம் இல்லை, கதவு அகலத்துக்கு விட்டிருந்தது. ஓங்கி இடித்தாள். பால் வெள்ளைப் பெயிண்டில் பூண் பட்ட தழும்பு விழுந்ததே தவிர வேறொன்றும் விழவில்லை. மறுபடி இடித்தாள். விழவில்லை. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

மதியழகன் கழியைப் பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. "போதும்மா. எல்லாத்தியும் கெடுத்துட்ட. கழியக் குடு."

"வுடுடா. வெளிய போ."

அவனைத் தோளால் தள்ளிவிட்டு, கொக்கிக்கும் கூரைக்கும் நடுவில் பூணை வைத்து நெம்பினாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் கூடமே இருட்டிவிட்ட மாதிரி ஒரு புழுதி. சத்தம் அதற்கப்புறம்தான் காதில் ஏறியது. ஃபேன் ஒயரில் தொங்கியது. பாளம் மூன்றாவது இலையிலும் நான்காவது இலையிலும் கிடந்தது. சாதம் வைக்கவேண்டிய இடத்தில் சிமெண்ட், பித்தளை டம்ளர் தட்டையாக. மேலே கம்பிகள் துருவேறிச் சிவப்பாகத் தெரிந்தன.

ராசம்மாள் இருமிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார்கள் என்று நினைத்தாள். ஐயோ, நல்லவேளை எழுந்தோம் என்று யாராவது ஒருத்தராவது சொல்வார்கள் என்று நினைத்தாள்.

"கழியால அப்பிடி இடிச்சா கோயில் கோபுரமே வுழும்" என்றாள் தங்கம்மாள். "வாங்க போலாம்."

ராஜவேல் மட்டும் திரும்பி உள்ளே வந்தார். குனிந்து, தன் இலையில் கிடந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதைத் தோள்துண்டில் முடிந்துகொண்டு வேனில் ஏறினார். வேன் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மதியழகன் பையை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனான், சொல்லிக்கொள்ளவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அண்ணாகிராமத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. மகன் போனை எடுக்கவில்லை. தெருவில் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது: ராசம்மாளுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அதனால்தான் கூரையை இடித்தாள். ஆரோக்கியம்மாள் அதை நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. "மத்தியானம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்லடி" என்றாள்.

பொறுத்திருக்கலாமோ? புதன்கிழமை முழுக்க ராசம்மாள் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விழுந்தே தீர்ந்திருக்கும் என்று சத்தியம் பண்ண அவளாலும் முடியாது. நெம்பித்தானே விழுந்தது. ஐந்து பேரும் சாப்பிட்டு எழுந்திருப்பார்களோ என்னவோ. மகன் கல்யாணத்தைத் தன் கையாலேயே இடித்துவிட்டோமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது, புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. ராஜவேல் தனியாக வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் பரங்கிப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எழுந்து நின்று, தோள்துண்டின் முடிச்சை அவிழ்த்து அந்தச் சிமெண்ட் துண்டை நீட்டினார்.

"இரும்பு ஒடைஞ்சா பாத்தாத் தெரியும் தங்கச்சி. இன்னிக்கு ஒடைஞ்சது பளிச்சுன்னு இருக்கும். பழைய ஒடைசல்னா உள்ள துரு ஏறியிருக்கும். இதப் பாரு. முதுகு பூரா துரு. இது அன்னிக்கு வுட்டது இல்ல. எப்பயோ வுட்டது. சும்மா தொங்கிட்டு இருந்துருக்கு."

ராசம்மாள் அதை வாங்கித் திருப்பி, துருவை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வூட்டுக்குப் போனதும் ஒலக்கைய எடுத்து எங்க வூட்டத் தட்டுனேன். எங்களுதும் இதே மாதிரி தொகுப்பு வூடுதான். தங்கம்மா கட்டிலுக்கு மேல உன் வூட்டு சத்தம் வந்துது. அவள எறக்கிட்டு இடிச்சேன். இப்பக் கொஞ்சம் வாயத் தொறக்காம இருக்கா." சிரிக்கவில்லை அவர். "அந்தக் கழியக் குடு."

கழியை எடுத்துக்கொண்டு அவர் கூடத்தில் நிற்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போனார். ராசம்மாள் பின்னாலேயே போனாள்.

"எம்பொண்ணு இந்த ரூமுலதான படுக்கணும்? அன்னிக்கு இத நீ தட்டவே இல்லியே."

ஒரு மூலையிலிருந்து தொடங்கினார். டங். டங். டங். தட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தார். பரணுக்குப் பக்கத்தில் சத்தம் கொஞ்சம் மாறியது. அவர் நிறுத்தினார்.

"அது சரியில்ல அண்ணே" என்றாள் ராசம்மாள். "சின்னதுதான். இந்த வருசம் தாங்கும்."

கரி கேட்டு வாங்கி, கழி நுனியில் கட்டி, அவரே ஒரு வட்டம் போட்டார். கோணல்மாணலாக வந்தது. கழியைச் சுவரில் சாத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளைக்குக் காலைலயே போன் போட்டேன். சனிக்கிழம வர்றாராம்." துண்டால் கையைத் துடைத்தார். "அன்னிக்கு எலையில பாதியில ஏந்திரிச்சேன். சோறு இருக்கா?"

"கருவாட்டுக் கொழம்புதான் இருக்கு."

"இருக்கட்டும்."

அவள் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ராஜவேல் உட்காராமல் நின்றார். மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"எங்க உக்காரட்டும்? நீயே சொல்லு."

ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்குச் சுவரோரமாகப் பாயை விரித்தாள்.